வீட்டுப்பாடமும் தவணை முறையில்தான்!

(நெய்வேலியில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், ஊக்குநர்கள், பிரதிநிதிகள், உறுப்பினர்கள் முன்னிலையில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த நேரத்தில் சேமிப்பு, கடன் வசூல், வங்கி இணைப்பு பற்றித்தான் பேசுவோம். இன்றைக்கு அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, நம் வீடுகளில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நடக்கிற ஒரு விஷயத்தைப் பேசலாம் என்று வந்திருக்கிறோம். அது பிள்ளைகளின் வீட்டுப்பாடம்.

"இதுக்கும் குழுவுக்கும் என்ன மேடம் சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. டவுன்ஷிப்பை ஒட்டிய ஊர்களில் மாலைக் கூட்டத்துக்கு நாங்கள் வரும்போது, இங்கே தீர்மான நோட்டு எழுதிக்கொண்டிருப்போம், பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை அலறும். என்ன என்று கேட்டால், "ஹோம்வொர்க் எழுத வெச்சிருக்காங்க" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். உள்கடன் கேட்கும் காரணங்களிலும் இது வருகிறது. டியூசன் பீஸ், ஞாபக சக்தி டானிக், ஒரு பள்ளிக்கூடத்தை விட்டு இன்னொரு பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் செலவு. இவர்களில் சில பிள்ளைகளுக்கு இருக்கும் குறையே வேறு. அது என்ன என்று தெரியாததால் பணமும் போகிறது, பிள்ளையும் அடி வாங்குகிறது, கடைசியில் படிப்பும் நின்று போகிறது. அதைத் தடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இன்றைய பேச்சு.

அது என்ன குறை?

ஏ.டி.எச்.டி. என்று டாக்டர்கள் சொல்வார்கள். தமிழில் கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த குறைபாடு என்று சொல்லலாம். நம் வீட்டுப் பேச்சில் இந்தப் பிள்ளைகளுக்கு வேறு பெயர்கள் உண்டு. "வாலு", "அடங்காப்பிடாரி", "மக்கு", "சோம்பேறி".

அடையாளங்களைச் சொல்கிறோம். ஒரு இடத்தில் குந்தாது. கை கால் ஆடிக்கொண்டே இருக்கும். கேள்வியை முடிக்கும் முன்பே பதில் சொல்லும். வரிசையில் நிற்க முடியாது. பென்சில், ரப்பர், தண்ணி பாட்டில் தினமும் தொலையும். நாம் மூன்று வேலை சொன்னால் முதல் வேலையைச் செய்யப் போய் இரண்டாவதை மறந்து வேறு எங்கோ நிற்கும். தெரிந்த கணக்கையே அவசரத்தில் தப்பாகப் போடும்.

இன்னொரு வகைப் பிள்ளைகள் ஓடியாட மாட்டார்கள். அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் மனசு அங்கே இருக்காது. பெண் பிள்ளைகளில் இதை அதிகம் பார்க்கிறோம். யாருக்கும் தொந்தரவு இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை. "மந்தமான பொண்ணு, எட்டாவதோட நிறுத்திடலாம்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

துறுதுறு என்று இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தக் குறை இருப்பதாக நினைக்கக்கூடாது. இந்த நடத்தை ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து இருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தெரிய ஆரம்பித்திருக்க வேண்டும். வீடு, பள்ளிக்கூடம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தெரிய வேண்டும். இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. டாக்டர்தான் பெற்றோரையும் ஆசிரியரையும் விசாரித்து, பிள்ளையைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். நாமோ பக்கத்து வீட்டாரோ பெயர் சூட்டிவிடக்கூடாது.

இது அபூர்வமான குறையும் இல்லை. கோயம்புத்தூரில் நான்கு பள்ளிகளைச் சேர்ந்த 770 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்த ஓர் ஆய்வு 2013-ல் வெளிவந்தது. அதில் 100-க்கு 11 பிள்ளைகளுக்கு மேல் இந்தக் குறை தெரிந்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளிடம் இது கூடுதலாகவும் இருந்தது. உலக அளவில் சராசரியாக 100-க்கு 5 என்று சொல்கிறார்கள். எந்தக் கணக்கை எடுத்தாலும், 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரண்டு பேராவது இருப்பார்கள். அதில் ஒரு பிள்ளை நம் குழுப் பிள்ளையாக இருக்கலாம்.

யாருடைய தப்பு?

ஒரு அம்மா எங்களிடம் சொன்னார்: "டிவி பார்த்தா ஒரு மணி நேரம் அசையாம குந்துறான் மேடம். நோட்டைத் தொட்டா மட்டும் எறும்பு கடிக்குது. வேணும்னேதான் பண்றான்."

வேணும்னே பண்ணவில்லை. டிவியும் போனும் நொடிக்கு நொடி புதுசாக எதையாவது காட்டி கவனத்தை இழுத்துக்கொள்ளும். நோட்டு அப்படி இழுக்காது. பிள்ளைதான் தன் கவனத்தைப் பிடித்து அங்கே நிறுத்த வேண்டும். அந்தப் பிடிமானம்தான் இந்தப் பிள்ளைகளுக்குக் குறைவு.

இதற்கு மூளை வளர்ச்சியில் காரணம் இருக்கிறது. 2007-ல் அமெரிக்காவில் இந்தக் குறை உள்ள 223 பிள்ளைகளையும், இல்லாத 223 பிள்ளைகளையும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். குறை உள்ள பிள்ளைகளின் மூளையும் அதே வரிசையில்தான் வளர்கிறது, ஆனால் சராசரியாக மூன்று வருடம் பிந்தி வளர்கிறது என்று தெரிந்தது. கவனத்துக்கும் அடக்கத்துக்கும் பொறுப்பான முன்பகுதியில் இந்தத் தாமதம் அதிகம். பத்து வயதுப் பையன் அறிவில் பத்து வயதாகவே இருப்பான். ஆனால் உட்காருவதிலும் பொறுமையிலும் ஏழு வயதுப் பிள்ளைபோல இருக்கலாம். ஏழு வயதுப் பிள்ளையை நாம் தனியே உட்கார வைத்து ஒரு மணி நேரம் எழுதச் சொல்வோமா?

இந்தக் குறை பெரும்பாலும் பரம்பரையாக வருவது. வளர்ப்பு சரியில்லாததால் வருவது இல்லை. மாமியார் சொல்வதுபோல அம்மா செல்லம் கொடுத்ததாலும் வரவில்லை. சர்க்கரை, மிட்டாய் சாப்பிட்டதாலும் வருவதில்லை. ஆகவே தாய்மார்கள் முதலில் தங்கள் மேல் சுமத்தப்பட்ட பழியைக் கீழே இறக்கி வைக்க வேண்டும்.

அடித்தால் அடங்குமே?

அந்த நேரத்துக்கு அடங்கும். பயத்தில் நான்கு வரி எழுதும். ஆனால் அடியால் மூளை சீக்கிரம் வளராது. மறுநாளும் அதே கதைதான், அடி மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிசாகத் தேவைப்படும். கொஞ்ச நாளில் நோட்டைப் பார்த்தாலே பிள்ளைக்கு வயிறு வலிக்கும். "இன்னிக்கு ஹோம்வொர்க் இல்லை" என்று பொய் வரும். டைரியில் பக்கம் கிழியும். பிறகு பள்ளிக்கூடம் போகிறேன் என்று கிளம்பி வேறு எங்காவது போய் உட்காரும். படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் வீடுகளில் விசாரித்தால் இந்த வரிசையைத்தான் கேட்கிறோம்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிப்பதையும், மனம் நோக அவமானப்படுத்துவதையும் 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்கிறது. ஆசிரியர் செய்யக்கூடாததை நாமும் வீட்டில் செய்யக்கூடாது.

அப்படியானால் என்ன செய்வது?

நம் குழு எப்படி நிலைத்தது என்று யோசித்துப் பாருங்கள். வருஷக் கடைசியில் மொத்தமாக 1,000 ரூபாய் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தால் எத்தனை பேர் கட்டியிருப்போம்? வாரம் 20 ரூபாய் என்றதால் கட்டினோம். வருஷம் முடிந்தபோது 1,040 ரூபாய் இருந்தது. குறித்த நாள், குறித்த இடம், சின்னத் தொகை, கட்டியவுடன் பாஸ்புக்கில் வரவு. இந்த நான்கும்தான் நம்மைச் சேமிக்க வைத்தது. இதே நான்கும் இந்தப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடத்தில் வேண்டும். வேறு பெரிய ரகசியம் இல்லை.

1. முதலில் சாப்பாடும் விளையாட்டும். பள்ளி விட்டு வந்ததும் நோட்டைத் திறக்கச் சொல்லாதீர்கள். சுண்டலோ, வேர்க்கடலையோ, வாழைப்பழமோ கொடுங்கள். அரை மணி முக்கால் மணி நேரம் ஓட விடுங்கள். நம் மைன்ஸில் மேல்மண்ணை எடுத்து, அடியில் அழுத்தும் தண்ணீரையும் இறைத்த பிறகுதானே நிலக்கரி எடுக்கிறார்கள்? அதுபோல.

2. குறித்த நேரம், குறித்த இடம். தினமும் ஒரே நேரம். சுவரைப் பார்த்து உட்காரட்டும், வாசலைப் பார்த்து வேண்டாம். ஒரே அறை உள்ள வீடானால் அந்த நேரம் மட்டும் வீட்டில் எல்லோருக்கும் டிவி கிடையாது. போன் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும். பென்சில், ரப்பர், ஸ்கேல் எல்லாம் ஒரு டப்பாவில் போட்டு அங்கேயே வையுங்கள். இல்லையென்றால் ரப்பர் தேடுவதிலேயே அரை மணி நேரம் போகும்.

3. சின்னத் தவணை. பத்து கணக்கு என்றால் மூன்று, மூன்று, நான்கு என்று பிரியுங்கள். மீதியை ஒரு காகிதத்தால் மூடிவிடுங்கள். கண்ணுக்கு மூன்றுதான் தெரிய வேண்டும். பத்து நிமிஷம் எழுதியதும் மூன்று நான்கு நிமிஷம் எழுந்து ஒரு வேலை செய்யட்டும். ஒரு சொம்பு தண்ணீர் கொண்டு வருவது, செடிக்கு ஊற்றுவது, கொடியில் துணி எடுப்பது. இடைவேளையில் டிவியோ போனோ கொடுத்தால் திரும்ப வராது. போன் அலாரம் வைத்துவிட்டால் நாம் கத்த வேண்டியதில்லை. சுலபமானதில் ஆரம்பித்து, கஷ்டமானதை நடுவில் வைத்து, சுலபமானதில் முடியுங்கள்.

4. உடனே வரவு. ஒரு தவணை முடிந்ததும் ஒரு டம்ளரில் ஒரு புளியங்கொட்டை போடுங்கள். "மூணு கணக்கும் எழுந்திருக்காம போட்டியே, நல்லது" என்று என்ன நன்றாகச் செய்தது என்பதையும் சொல்லுங்கள். பத்து கொட்டை சேர்ந்தால் என்ன என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ராத்திரிக்குப் பிடித்த டிபன், கொஞ்ச நேரம் சைக்கிள், அப்பாவோடு கடைவீதி. காசு செலவு வேண்டாம். "பரீட்சையில பாஸானா சைக்கிள் வாங்கித் தர்றேன்" என்பது இந்தப் பிள்ளைக்கு எட்டாது, அது அவ்வளவு தூரத்தில் இருக்கிறது. போட்ட கொட்டையைத் திரும்ப எடுக்கவும் கூடாது. ஒரு உறுப்பினர் கூட்டத்துக்குத் தாமதமாக வந்தார் என்று அவர் சேமிப்பை அழித்து எழுதுவோமா?

5. ஒரு நேரத்தில் ஒரு சொல். அடுப்படியிலிருந்து கத்தாதீர்கள். பக்கத்தில் போய், பெயர் சொல்லி, முகம் பார்த்து ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். "என்ன சொன்னேன் சொல்லு" என்று திரும்பச் சொல்ல வையுங்கள். அது முடிந்த பிறகு அடுத்தது.

6. பக்கத்தில் இருங்கள். முந்திரி உடைக்கும் வேலையோ, கீரை ஆய்வதோ, பூக் கட்டுவதோ, அதைப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். ஆள் பக்கத்தில் இருந்தாலே பிடிமானம் கூடும். ஆனால் நாமே எழுதிக் கொடுக்க வேண்டாம்.

7. முடிவு நேரம். ஒன்பது மணி பத்து மணி வரை இழுக்க வேண்டாம். குறித்த நேரம் ஆனதும் மூடிவிடுங்கள். பள்ளி வயதுப் பிள்ளைக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். தூக்கம் கெட்டால் மறுநாள் கவனம் இன்னும் கெடும். பையை ராத்திரியே அடுக்கி வாசல் பக்கம் ஒரே இடத்தில் வையுங்கள்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே மேடம்" என்று சிலர் யோசிக்கிறீர்கள். இந்த ஏழில் எதற்கும் படிப்பு தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். பாடம் சொல்லிக் கொடுப்பது ஆசிரியர் வேலை. தவணை பிரிப்பதும், பக்கத்தில் இருப்பதும், கொட்டை போடுவதும் அம்மா செய்யக்கூடியவை.

ஷிப்ட் உள்ள வீடுகளில்

நம் பகுதிக்கு என்று ஒரு தனிக் கஷ்டம் உண்டு. அப்பா நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்கும் வாரம், வீட்டில் சத்தம் போடக்கூடாது. லீவு நாளில் பிள்ளைக்கு ஆட இடம் இல்லை, அதட்டல்தான். அடுத்த வாரம் ஷிப்ட் மாறும், வீட்டின் சாப்பாட்டு நேரம், தூக்க நேரம் எல்லாம் மாறும். இந்தப் பிள்ளைகளுக்கு மாறாத நேரம்தான் பலம். ஆகவே ஷிப்ட் எதுவானாலும் பிள்ளையின் நேரம் மட்டும் மாறக்கூடாது. சாப்பாடு, விளையாட்டு, வீட்டுப்பாடம், தூக்கம் நான்கையும் படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். அம்மா குவார்ட்டர்ஸ் வீட்டு வேலைக்குப் போய் வர நேரமானால், பாட்டியோ அக்காவோ அந்தப் படத்தைப் பார்த்து நடத்தலாம். அப்பா வீட்டில் இருக்கும் வாரம் ஒரு தவணையாவது அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். இது அம்மா ஒருத்தியின் கடமை இல்லை.

ஆசிரியரிடம் பேசுங்கள்

புகார் சொல்லப் போவதுபோலப் போகாதீர்கள். "டீச்சர், பிள்ளை வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்தான், ஆறு கணக்கு முடிந்தது, மீதி முடியவில்லை" என்று டைரியில் எழுதி, அல்லது யாரையாவது எழுதச் சொல்லி அனுப்புங்கள். மூன்று உதவி கேளுங்கள். முன் வரிசையில் உட்கார வைக்க வேண்டும். வீட்டுப்பாடம் டைரியில் எழுதப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பத்து கணக்குக்குப் பதில் ஐந்து, அல்லது எழுதுவதற்குப் பதில் வாயால் சொல்வது என்று குறைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

இப்படிக் கேட்பது சலுகை கேட்பது இல்லை. 2018-ம் ஆண்டு மே மாதம் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன், ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கொடுக்கக்கூடாது என்று உத்தரவிட்டார். மத்திய அரசு 2020-ல் வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்கிறது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கே இரண்டு மணி நேரம், ஆறு முதல் எட்டு வரை நாளுக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேல் வேண்டாம் என்பது அதன் அளவு. எந்தக் குறையும் இல்லாத பிள்ளைக்கே அளவு இவ்வளவுதான். நம் பிள்ளை தினமும் மூன்று மணி நேரம் அழுதுகொண்டு எழுத வேண்டிய அவசியம் என்ன?

எங்கே காட்டுவது?

முதலில் சாதாரணக் காரணங்களைப் பார்த்துவிடுங்கள். கண் பார்வை, காது கேட்கும் திறன், ரத்த சோகை. கரும்பலகை தெரியாத பிள்ளையும் கவனிக்காததுபோலத்தான் இருக்கும். சில நொடிகள் அப்படியே வெறித்துப் பார்த்து நின்று, பிறகு ஒன்றும் நடக்காததுபோலத் தொடரும் பிள்ளைக்கு வலிப்பின் ஒரு வகை இருக்கலாம். அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஆர்.பி.எஸ்.கே. என்று சொல்லப்படும் குழந்தைகள் மருத்துவப் பரிசோதனைத் திட்டம் 2013-ல் தொடங்கியது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பல வகைக் குறைகளை அதில் பார்க்கிறார்கள். அந்தப் பட்டியலில் ஏ.டி.எச்.டி.-யும் இருக்கிறது. மருத்துவக் குழு அரசுப் பள்ளிக்கு வரும் நாளைக் கேட்டு வைத்து, உங்கள் பிள்ளையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் மேல் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். மாவட்ட மனநலத் திட்ட டாக்டரையும் அரசு மருத்துவமனையில் பார்க்கலாம். புதுச்சேரி ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல ஆலோசனை, 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழிலேயே பேசலாம்.

மருந்து வேண்டுமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சில பிள்ளைகளுக்கு மருந்து நன்றாக உதவுகிறது. தந்த மருந்தை நாமாக நிறுத்தவோ, கூட்டவோ கூடாது. மருந்து கொடுத்தாலும் வீட்டில் இந்தத் தவணை முறை தேவைதான். ஞாபக சக்தி டானிக், தைலம் என்று விற்பவை இந்தக் குறையைச் சரிசெய்வதாக நிரூபிக்கப்படவில்லை. அதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா என்று கேட்கிறார்கள். 2016-ம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள 21 வகையில் ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. ஆனால் கற்றல் குறைபாடு இருக்கிறது. சில பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்து இருக்கும். அதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

குழுவாக நாம் செய்யக்கூடியது

அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் பத்து நிமிஷம் ஒதுக்கி இதைப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று, "உன் பிள்ளையை நீ சரியா வளர்க்கல" என்ற பேச்சு நம் குழுவில் வரக்கூடாது. இப்படிப்பட்ட பிள்ளையின் தாய், கூட்டத்துக்குப் பிள்ளையைக் கூட்டி வரவும் முடியாமல், விட்டு வரவும் முடியாமல் நின்று போவார். அவர் வராத காரணத்தைக் கேளுங்கள், உடனே அபராதம் போடாதீர்கள்.

இரண்டு, மருத்துவமனைக்குப் போய்வர உள்கடன் கேட்டால் முன்னுரிமை கொடுங்கள். டானிக்குக்கோ பள்ளி மாற்றவோ கேட்டால், "முதல்ல டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று கேளுங்கள். வேலையில் லீவு போட முடியாத உறுப்பினருக்கு, கூடப் போய்வர ஒருவர் முன்வாருங்கள்.

மூன்று, ஒரு உறுப்பினர் வீட்டுத் திண்ணையில் ஆறிலிருந்து ஏழு வரை வீட்டுப்பாட நேரம் நடத்தலாம். இரண்டு தாய்மார் முறை வைத்து உட்காரலாம். மூன்று நான்கு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். கூட்டம் கூடினால் இந்தப் பிள்ளைகளுக்குக் கவனம் போய்விடும்.

ஒரே வாரத்தில் மாற்றம் தெரியாது. நம் குழுவின் முதல் வாரச் சேமிப்பைப் பார்த்து யாரும் வங்கியிலிருந்து ஓடி வரவில்லையே. முதல் வாரம் ஒரு நாளைக்கு ஒரு தவணை நடந்தால் போதும். நடுவில் இரண்டு நாள் தவறினாலும் மூன்றாம் நாள் தொடருங்கள். ஒரு மாதம் கழித்து, அடி விழாத நாள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையை அடுத்த மாதக் கூட்டத்தில் கேட்போம். தீர்மான நோட்டில் அதையும் எழுதி வாருங்கள்.